வெளி ஸ்கிரிப்டை நம்பி அக்சஸ் புரோகிராம் எழுதலாமா? எதை வைப்பது, எதைக் கழற்றுவது

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு 2009-ல் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸ் 2003 வைத்து ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். விவசாயி பேர், ஊர், விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை, தராசிலிருந்து எடை, ஏல விலை, கூலி, கமிஷன் கழித்துப் பட்டியல் பிரிண்ட், அவ்வளவுதான். இடையில் 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது வாங்கும் வியாபாரிகளின் ஜிஎஸ்டி எண்ணையும் சேர்த்தேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும் அளவுக்கு.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது என்று யாரோ சொல்ல, மண்டிக்காரர் ஐந்து புதுக் கம்ப்யூட்டர் வாங்கி இறக்கிவிட்டார். எல்லாவற்றிலும் விண்டோஸ் 11, 64 பிட் ஆபீஸ். "ஏனுங் தம்பி, பழசை அப்பிடியே தூக்கிப் புதுசுல போட்டுரலாமுங்ளா?" என்று போனில் கேட்டார். போட்டுரலாமுங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கோடிங்கைத் திறந்து, வெளிப் பாகத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற "கிரியேட்ஆப்ஜெக்ட்" கட்டளையைத் தேடினேன். முப்பத்தேழு இடம். போதாததற்கு, புரோகிராம் நம்பியிருக்கும் வெளி லைப்ரரிகளைக் குறித்து வைக்கும் ரெஃபரன்ஸ் பட்டியலில் இரண்டு ஓசிஎக்ஸ் (ஃபார்மில் ஒட்டிக்கொள்கிற வெளிக் கன்ட்ரோல்) வேறு.

வெளியாள் பாகங்கள் என்று நான் சொல்வது இவற்றைத்தான்: அக்சஸுக்குள் பிறக்காமல் விண்டோஸிலிருந்தோ வேறு எங்கிருந்தோ கூப்பிட்டு வாங்கிக்கொள்கிற ஸ்கிரிப்டிங் சமாச்சாரங்கள். இவற்றை வைத்து எழுதுவது சரியா தப்பா என்று கேட்டால், "வெளியாளே கூடாது, சுத்த விபிஏ-தான்" (அக்சஸுக்குள்ளேயே இருக்கிற புரோகிராம் மொழி) என்று ஒரு கூட்டம், "இருக்கிறதை ஏன் மறுபடி எழுத வேண்டும்" என்று ஒரு கூட்டம். நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். இப்போது என் கேள்வி வேறு. அந்தப் பாகம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, ஏலம் தொடங்கும் நேரத்தில் இல்லாமல் போனால், அந்த இடத்தில் இருப்பவர் யார், அவரால் என்ன செய்ய முடியும்? இதை ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதில் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸோடு வருகிற பழைய ஸ்கிரிப்ட் மொழியான விபிஸ்கிரிப்டைக் கைவிடப் போவதாக அறிவித்தது, 2024 மே மாதம் காலவரிசையும் சொன்னது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து அது கழற்றி மாட்டக்கூடிய ஒரு விருப்பப் பாகம், இப்போதைக்குத் தானாகவே இருக்கும். 2027 வாக்கில் தானாக இருக்காது, வேண்டுமென்றால் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பதிப்பில் முழுசாக எடுத்துவிடுவார்கள். இதைக் கேட்டதும் நம்ம ஆட்கள் பலர் "ஸ்கிரிப்டிங் எல்லாமே போச்சு" என்று பதறி எஃப்எஸ்ஓ (ஃபைல் வேலை பார்க்கும் ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட்), டிக்ஷனரி (சாவி சொன்னால் மதிப்பைத் தரும் பட்டியல்) எல்லாவற்றையும் கழற்ற உட்கார்ந்துவிட்டார்கள். அவசரம் வேண்டாம். எஃப்எஸ்ஓ-வும் டிக்ஷனரியும் இருப்பது ஸ்கர்ரன் டிஎல்எல் என்ற லைப்ரரி ஃபைலில். எழுத்து வடிவத்தை வைத்துத் தேடுகிற ரெஜெக்ஸ் இருப்பது விபிஸ்கிரிப்ட் டிஎல்எல்-இல். வேறு ஸ்கிரிப்ட் மொழியை அக்சஸுக்குள் ஓட்டுகிற ஸ்கிரிப்ட் கன்ட்ரோல் என்பது எம்எஸ்ஸ்கிரிப்ட் என்ற தனி ஓசிஎக்ஸ். பேரைப் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தெரியும், ஆனால் மூன்றும் மூன்று ஃபைல், மூன்றுக்கும் மூன்று தலையெழுத்து. விபிஸ்கிரிப்ட் போனால் அதோடு சேர்ந்து போவது ரெஜெக்ஸ். எஃப்எஸ்ஓ அதன் பாட்டுக்கு இருக்கும்.

எஃப்எஸ்ஓ-வா, விபிஏ-வின் சொந்தச் சரக்கா

ஃபைல் வேலைக்கு விபிஏ-விலேயே டிர் (பட்டியலிட), ஃபைல்காப்பி, கில் (அழிக்க), எம்கேடிர் (ஃபோல்டர் உருவாக்க), ஓப்பன் எல்லாம் இருக்கின்றன. வெளியாள் கிடையாது, எந்த ரெஃபரன்ஸும் வேண்டாம், 64 பிட்டா 32 பிட்டா என்ற கவலையும் இல்லை. எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகிற கம்பெனியாக இருந்தால், ஒரு சாதாரண பேக்கப் வேலைக்கு இதுவே தாராளம்.

ஆனால் நாம் தமிழில் வேலை செய்கிறோம், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விபிஏ-வின் இந்தப் பழைய கட்டளைகள் எல்லாம் ஃபைல் பெயரை ஆன்சி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில்தான் பார்க்கும். தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி கோட்பேஜ் (எழுத்து அட்டவணை) என்று ஒன்றே கிடையாது, தமிழ் வந்ததே யூனிகோடில்தான். அதனால் அரபிக்காரரும் ரஷ்யாக்காரரும் விண்டோஸின் சிஸ்டம் மொழியை மாற்றிச் சமாளிப்பது போல நம்மால் சமாளிக்க முடியாது. மண்டியில் ஒரு பெண் கணக்கு பார்க்கிறார், ரொம்பக் கெட்டிக்காரி, விவசாயி பட்டியலை எல்லாம் "நசியனூர் விரலி" என்கிற மாதிரித் தமிழிலேயே பெயர் வைத்து பிடிஎஃப் ஆகச் சேமித்து வைத்திருந்தார். டிர் போட்டால் பதிலுக்கு வருவதெல்லாம் கேள்விக்குறி வரிசை. கேள்விக்குறியோ ஃபைல் பெயரில் வரவே கூடாத எழுத்து, அதை வைத்து எதைத் திறப்பது, எதைக் காப்பி செய்வது? "இனிமேல் இங்கிலீஷ்ல பேர் வையுங்க" என்று அவரிடம் சொல்லிவிடலாம்தான். நான் சொல்லவில்லை. அவர் ஒழுங்காகத்தான் வேலை பார்க்கிறார், குறை நம்முடைய கட்டளையில் இருக்கிறது.

எஃப்எஸ்ஓ இதே ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு தமிழ்ப் பெயரையும் சரியாகத் தரும், காப்பி செய்யும், அழிக்கும். எனக்கு இது ஒன்றே அதை வைத்துக்கொள்ளப் போதுமான காரணம். இன்னும் இரண்டு உண்டு. டிர் தன் நினைவில் ஒரே ஒரு தேடலைத்தான் வைத்திருக்கும், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று உள்ளே போனால் மேலே விட்ட இடத்தை மறந்துவிடும், பெயர்களை முதலில் சேர்த்துக்கொண்டு பிறகு உள்ளே போகவேண்டும். எஃப்எஸ்ஓ-வுக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், திறந்திருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை ஃபைல்காப்பி கொண்டு காப்பி செய்தால் 70 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும், எஃப்எஸ்ஓ மறுபேச்சில்லாமல் காப்பி செய்துவிடும். இது வசதியா ஆபத்தா என்பது வேறு கதை. ஐந்து பேர் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பி பாதி எழுதிய நிலையில் இருக்கலாம், திறக்கிற அன்றைக்குத்தான் தெரியும். நான் பேக்கப்பை ராத்திரி கடைசி ஆள் மூடிய பிறகுதான் எடுக்கிறேன். அதனால் இந்த வசதியை ஒரு காரணமாகவே கணக்கில் சேர்ப்பதில்லை.

எஃப்எஸ்ஓ கை கொடுக்காத இடமும் தமிழ்தான். பெயரைச் சரியாகப் படிக்கும் அது, ஃபைலுக்குள் இருப்பதைப் படிக்கும்போது ஆன்சி அல்லது யூடிஎஃப்-16 (யூனிகோடின் ஒரு வடிவம்), இந்த இரண்டை மட்டும்தான் அறியும். இன்றைக்கு வருகிற சிஎஸ்வி, ஜேசான் டேட்டா ஃபைல்கள் பெரும்பாலும் யூனிகோடின் இன்னொரு வடிவமான யூடிஎஃப்-8. அதைத் திறந்தால் தமிழ் எல்லாம் à என்ற எழுத்தும் ® குறியுமாகக் கொட்டும். அதற்கு விண்டோஸோடு வருகிற ஏடிஓ என்ற டேட்டா லைப்ரரியின் ஸ்ட்ரீம் ஆப்ஜெக்டைப் பிடிக்க வேண்டும், எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்-8 என்று சொன்னால் ஒழுங்காகப் படிக்கும், எழுதும். ஆனால் எழுதும்போது ஃபைலின் தலையில் மூன்று பைட் அடையாளக் குறியைத் தானாக ஒட்டிவிடும், ஜேசான் வாங்கிக்கொள்கிற சில இடங்களில் அந்த மூன்று பைட்டே "ஃபைல் தப்பு" என்று திருப்பி அனுப்பக் காரணமாகிவிடும். ஸ்ட்ரீமை பைனரிக்கு மாற்றி மூன்று பைட்டைத் தாண்டி இன்னொரு ஸ்ட்ரீமுக்குக் காப்பி செய்து சேமிக்க வேண்டும். ஆறேழு வரிதான், ஆனால் தெரியாதவர் இரண்டு நாள் தேடுவார். நான் தேடினேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: விண்டோஸின் சொந்தக் கட்டளைத் தொகுப்பான ஏபிஐ-யை நேராக டிக்ளேர் செய்து கூப்பிடுவது. ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல் என்பதன் டபிள்யூ (யூனிகோட்) வடிவத்தைக் கூப்பிட்டால் தமிழ்ப் பெயர் சுத்தமாக வரும், எந்த டிஎல்எல்-ஐயும் யாரும் பதிவு செய்து வைத்திருக்க வேண்டியதில்லை. 64 பிட்டுக்குப் பிடிஆர்சேஃப், லாங்பிடிஆர் போட்டு எழுத வேண்டும், இவை ஆபீஸ் 2010-ல்தான் வந்தன. இதில் ஒரு எழுத்து பிசகினால் பிழைச் செய்தி வராது, அக்சஸே மூடிக்கொண்டு போய்விடும். சுத்தம் பார்க்கிறவர்களுக்கு இதுதான் உயர்ந்த வழி. எனக்குப் பிறகு இந்தப் புரோகிராமை யாராவது ஒரு பையன் பார்க்க வேண்டுமென்றால், அவன் எஃப்எஸ்ஓ-வைப் புரிந்துகொள்வான், இதைப் புரிந்துகொள்ள மாட்டான். ஆகவே எஃப்எஸ்ஓ இருக்கட்டும்.

ஒரு இடைச் செருகல். நம்ம பக்கத்துப் புரோகிராமர்கள் பலர் எஃப்எஸ்ஓ-வை வைத்து சி டிரைவின் சீரியல் நம்பரைப் படித்து, அதைப் பூட்டாக வைத்து, வேறு கம்ப்யூட்டரில் ஓடாதபடி செய்வார்கள். அந்த எண் ஃபார்மட் செய்தால் மாறிவிடும். பூட்டுப் போட்டவர் கோயம்புத்தூரில் வேலை மாறிப் போயிருப்பார், போனை எடுக்க மாட்டார், சாவி இல்லாத பூட்டோடு கடைக்காரர் என்னிடம் வருவார். வருஷத்துக்கு இரண்டு பேராவது இந்த மாதிரி வருவார்கள். ப்ளீஸ், செய்யாதீர்கள்.

டிக்ஷனரியும் கலெக்ஷனும்

இதில் பெரிய சண்டை இல்லை. விபிஏ-வின் கலெக்ஷனில் ஒரு சாவி இருக்கிறதா என்று கேட்கவே வழியில்லை, எடுத்துப் பார்த்து பிழை வந்தால் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாவிகளைப் பட்டியலிடவும் முடியாது. டிக்ஷனரியில் இரண்டும் உண்டு. இருக்கிற டிஎல்எல் அதேதான் என்பதால் எஃப்எஸ்ஓ இருந்தால் இதுவும் இருக்கும்.

ஆனால் அக்சஸில் டிக்ஷனரி தேவைப்படுகிற பாதி இடத்தில் அது தேவையே இல்லை. எக்ஸெலில் பழகி வந்தவர்கள் ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டி, ஊர்வாரியாக மூட்டையை டிக்ஷனரியில் கூட்டுவார்கள். ஐயா, டேட்டாபேஸில் உட்கார்ந்துகொண்டு ஏன் கையால் கூட்டுகிறீர்கள்? குரூப் பை போட்டு ஒரு குவெரி எழுதினால் முடிந்தது. என்னுடைய பழைய கோடிங்கிலும் இப்படி நான்கு இடம் இருந்தது, நான்கையும் குவெரிக்கு மாற்றிவிட்டேன்.

அப்படியும் டிக்ஷனரிதான் வேண்டும் என்றால் ஒரு கண்ணியைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்ட்செட்டின் ஃபீல்டை அப்படியே சாவியாகக் கொடுத்தால், அதிலிருக்கும் பெயருக்குப் பதில் அந்த ஃபீல்டு ஆப்ஜெக்டே சாவியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், ஏனென்றால் டிக்ஷனரி ஆப்ஜெக்டையும் சாவியாக ஏற்கும். கூட்டுத்தொகை கன்னாபின்னாவென்று வரும், காரணம் பிடிபடாது. பின்னால் வேல்யூ என்று ஒரு புள்ளி வைத்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, இல்லாத சாவியை எட்டிப் பார்த்தாலே டிக்ஷனரி அதை உருவாக்கிவிடும், வெறும் விசாரிப்புக்கு வந்தவரைப் பிடித்து விருந்துக்கு உட்கார வைக்கிற மாதிரி.

ரெஜெக்ஸ்: இங்கேதான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது

என் புரோகிராமில் ரெஜெக்ஸ் இருந்தது ஏழு இடம். ஜிஎஸ்டி எண் சரிபார்க்க, லாரி எண்ணைச் சுத்தம் செய்ய, செல்பேசி எண்ணைப் பிரிக்க, இப்படி.

ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதினைந்து எழுத்து: முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து பான் எண், அப்புறம் ஒரு எழுத்து அல்லது எண், அதன்பின் இசட், கடைசியில் சரிபார்ப்பு எழுத்து. இதற்கு விபிஏ-வின் வடிவம் ஒப்பிடுகிற லைக் கட்டளை போதும். எண் இடத்தில் ஹேஷ் குறி, எழுத்து இடத்தில் சதுர அடைப்பு, ஒரே வரியில் முடிகிறது. ரெஜெக்ஸ் எழுதியபோது ஏதோ பெரிய காவல் போட்ட மாதிரி ஒரு திருப்தி இருந்தது, இப்போது பார்த்தால் அது எழுத்து வடிவத்தை மட்டும்தான் பார்த்தது. ஒரு எண் மாற்றி அடித்திருந்தாலும் வடிவம் சரியாக இருந்தால் விட்டுவிடும். உண்மையான சோதனை அந்தக் கடைசி எழுத்து, அதை 36 அடிப்படையில் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும், எந்த ரெஜெக்ஸும் அதைச் செய்யாது. ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிச் சேர்த்துவிட்டேன், பழையதைவிட இது நல்ல காவல்.

லாரி எண் இன்னும் எளிது. ஈரோட்டு வண்டி டிஎன் 33, கோபி 36, திருப்பூர் 39, பெருந்துறை 56 என்று வரும், அடிக்கிறவர்கள் நடுவில் கோடு, புள்ளி, இடைவெளி என்று அவரவர் கைப்பழக்கப்படி போடுவார்கள். ரெஜெக்ஸில் ஒரு வரி. அது இல்லாமல் எழுத்து எழுத்தாகச் சுற்றி எண்ணும் ஆங்கில எழுத்தும் மட்டும் சேர்க்கிற லூப் எட்டு வரி. எட்டு வரிக்காக ஒரு டிஎல்எல்-ஐ நம்பி இருப்பதா?

தமிழில் ரெஜெக்ஸ் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். விபிஸ்கிரிப்ட் ரெஜெக்ஸில் "சொல் எழுத்து" என்ற குறி ஆங்கில எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டும்தான் எழுத்தாக நினைக்கும். தமிழ் அதற்கு எழுத்தே இல்லை. யூனிகோடில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை என்று வரம்பை நாமே எழுதிக் கொடுத்தால் வேலை செய்யும். ஆனால் "கோபி" என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஏகாரக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியாகவும் அடிக்கலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஒரு விவசாயி இரண்டு பேராகப் பட்டியலில் இருந்ததற்குக் காரணம் இதுதான், மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். இதற்கு ரெஜெக்ஸும் மருந்து இல்லை, லைக்கும் மருந்து இல்லை. சேமிக்கும்போதே ரீப்ளேஸ் போட்டு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

சரி, சிக்கலான வடிவங்கள் நிறைய இருந்து ரெஜெக்ஸ் இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு? மைக்ரோசாஃப்டே ஒரு கதவு திறந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365-இன் 2508 பதிப்பு முதல் ரெஜெக்ஸ் விபிஏ-வுக்குள்ளேயே வந்துவிட்டது, எந்த ரெஃபரன்ஸும் இல்லாமல் "நியூ ரெஜெக்ஸ்" (New RegExp) என்று எழுதினால் ஓடும், விபிஸ்கிரிப்ட் டிஎல்எல் இல்லாவிட்டாலும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இருபது வருஷமாக நாமெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த புத்தி, ரெஃபரன்ஸ் வைக்காதே, கிரியேட்ஆப்ஜெக்ட் போட்டு லேட் பைண்டிங்கில் (ஓடும்போது மட்டும் பாகத்தைத் தேடும் முறை) எழுது, அதுதான் பத்திரம் என்பது. இங்கே அப்படி எழுதியவர்களுக்குத்தான் ஆப்பு, ஏனென்றால் கிரியேட்ஆப்ஜெக்ட் விபிஸ்கிரிப்டைப் பேர் சொல்லி வெளியே போய்த் தேடும். "நியூ" என்று எழுதியவர்கள் பழைய ரெஃபரன்ஸை மட்டும் நீக்கிவிட்டுத் தப்பிப்பார்கள். ஆனால் அதே கோடிங்கை ஆபீஸ் 2016 உள்ள கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் ரெஃபரன்ஸ் இல்லாமல் கம்பைலே ஆகாது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் புதுசு என்றால் நியூ ரெஜெக்ஸ். பழசும் புதுசும் கலந்திருந்தால் ரெஜெக்ஸை விட்டு வெளியே வருவது ஒன்றுதான் நிம்மதி.

லேட் பைண்டிங் பொதுவில் நல்ல பழக்கம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரெஃபரன்ஸ் வைத்து, அந்த டிஎல்எல் அங்கே இல்லை என்றால், அதைத் தொடாத இடத்தில்கூட டேட், லெஃப்ட், ஃபார்மட் என்று அக்சஸின் சொந்தக் கட்டளையே "லைப்ரரியைக் காணோம்" என்று அழும், பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. கோடிங்கைத் திறக்க முடியாத ஏசிசிடிஇ ஃபைலாக மூடிக் கொடுத்திருந்தால் அங்கேயே ரெஃபரன்ஸை மாற்றவும் முடியாது. லேட் பைண்டிங்கில் அந்த ஒரு பட்டன் மட்டும் 429 என்ற பிழையோடு நிற்கும், மற்றது ஓடும். கோடிங் எழுதும்போது மட்டும் ரெஃபரன்ஸ் வைத்துக்கொண்டு, கொடுக்கும்போது எடுத்துவிடுவது என் வழக்கம்.

ஸ்கிரிப்ட் கன்ட்ரோலுக்கு இரண்டு பேச்சே இல்லை. இது மண்டியில் இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு இ-வே பில் ஜேசானைப் படிக்க நானே போட்டுக் கொடுத்தது. ஜேசானை ஜாவாஸ்கிரிப்டாக நினைத்து இவால் செய்துவிட்டால் நாலு வரியில் வேலை முடியும், அப்போது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. இது 32 பிட்டில் மட்டும்தான் உண்டு, 64 பிட் ஆபீஸில் ஏறவே ஏறாது. அது கிடக்கட்டும், வெளியிலிருந்து வருகிற ஒரு எழுத்துக் கோவையைக் கட்டளையாக எடுத்து ஓட்டுவது, வாசலில் வந்தவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்கிற வேலை. விபிஏ-ஜேசான் என்று சுத்த விபிஏ-வில் எழுதிய லைப்ரரி இலவசமாகக் கிடைக்கிறது, உள்ளே டிக்ஷனரியைப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். அனுப்புவதற்கு மட்டும் ஜேசான் வேண்டுமென்றால் அதுவும் வேண்டாம், சரங்களை ஒட்டினால் போதும், மேற்கோள் குறிக்கும் பின்சாய்வுக் கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்வுக் கோட்டை மறக்காமல் போட வேண்டும், வரி முறிவையும் கவனிக்க வேண்டும்.

வெளியே தனி ஸ்கிரிப்ட் ஓட்டுவது, அதாவது பவர்ஷெல் அல்லது பைத்தான், இப்போது பசங்கள் அதிகம் கேட்கிற வழி. பவர்ஷெல் எல்லா விண்டோஸ் 10, 11-லும் 5.1 பதிப்பாக உட்கார்ந்திருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் ஸ்கிரிப்ட் ஃபைலை ஓட்ட விடாமல் தடுப்பதுதான் அதன் இயல்பான நிலை, ஒவ்வொரு முறையும் அனுமதி சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆபீஸிலிருந்து பவர்ஷெல் கிளம்புகிறது என்றால் வைரஸ்காரர்கள் செய்கிற வேலை என்று ஆன்டிவைரஸ் நினைத்துக்கொள்ளும், அது நினைப்பதிலும் தப்பில்லை. தமிழ் எழுதிய ஸ்கிரிப்டை அடையாளக் குறி இல்லாத யூடிஎஃப்-8-ஆகச் சேமித்தால் 5.1 அதை ஆன்சி என்று படித்துக் குதறிவிடும், ஜேசானில் வேண்டாம் என்று கழற்றிய அதே மூன்று பைட் இங்கே கட்டாயம் வேண்டும். விபிஏ-வின் ஷெல் கட்டளை ஸ்கிரிப்ட் முடியும் வரை காத்திருக்காது, கிளப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பைத்தான் எழுத இனிமையானது, எனக்கே பிடிக்கும். ஆனால் அதை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நிறுவ வேண்டும், அக்சஸ் ஃபைலைத் தொட ஓடிபிசி டிரைவரும் (டேட்டாபேஸ் இணைப்பு) பைத்தானும் இரண்டுமே 32 பிட்டாகவோ இரண்டுமே 64 பிட்டாகவோ இருக்க வேண்டும். திருப்பூரில் அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு சிஸ்டம் ஆள் இருக்கிறார், முழு நேரமும் உள்ளேயே இருப்பவர். அங்கே ராத்திரி ரிப்போர்ட் வேலைக்குப் பைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், பிரச்சினை இல்லை. மண்டியில் சிஸ்டம் ஆள் என்றால் நான்தான், நான் இருப்பது பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கே பைத்தான் வைத்தால் அது எனக்கு நானே வைத்துக்கொள்கிற வேலை.

ஓசிஎக்ஸ் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கேலண்டர் கன்ட்ரோலை அக்சஸ் 2010-லேயே எடுத்துவிட்டார்கள், அக்சஸின் தேதிக் கட்டத்திலேயே நாட்காட்டி வந்து வருஷக்கணக்காகிறது. மண்டிப் புரோகிராமில் அது இருந்த ஃபார்மை இத்தனை நாள் யாரும் திறக்காததால் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கழற்றி எறிந்தாயிற்று.

முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்துபாருங்கள். 24எச்2 உள்ள கம்ப்யூட்டரில் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் விருப்பப் பாகங்கள் பட்டியலுக்குப் போனால் விபிஸ்கிரிப்ட் தனியாக நிற்கும். உங்கள் சொந்த லேப்டாப்பில் அதை நீக்கிவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, புரோகிராமின் ஒவ்வொரு பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள். 2027 எப்படி இருக்கும் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். எனக்கு ஏழு இடத்தில் ரெஜெக்ஸ் என்று தேடலில் வந்தது, அழுத்திப் பார்த்ததில் எட்டாவது ஒன்று, ஒரு ரிப்போர்ட்டுக்குள் வேறு பேரில் ஒளிந்திருந்தது.

மண்டியில் இப்போது நிலவரம் இது. எஃப்எஸ்ஓ, டிக்ஷனரி, ஏடிஓ ஸ்ட்ரீம் மூன்றும் இருக்கின்றன, அங்கங்கே சிதறிக் கிடந்தவை ஒரே மாட்யூலுக்குள், மூன்று ஃபங்ஷனாக. அங்கே பிழை வந்தால் எந்தப் பாகம் இல்லை என்று தமிழில் ஒரு சின்ன ஃபார்மில் காட்டும், மெசேஜ்பாக்ஸில் தமிழ் போட்டால் கேள்விக்குறிதான் வரும் என்பதால். ரெஜெக்ஸ் எட்டு இடமும் போயிற்று, ஐந்துக்கு லைக், மூன்றுக்குக் கையால் எழுதிய லூப்.

மாட்டிக்கொண்டது தராசு. எலக்ட்ரானிக் தராசிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடையை வாங்க எம்எஸ்காம் ஓசிஎக்ஸ் வைத்திருந்தேன், அதுவும் 32 பிட் மட்டும். ஏபிஐ கொண்டு போர்ட்டைத் திறந்து மறுபடி எழுதலாம், எழுதவும் தொடங்கினேன், மூட்டை ஏறி இறங்கும்போது எண் நடுங்குகிற அந்த ஒரு வினாடியைச் சமாளிப்பது ஓசிஎக்ஸில் பழகின அளவுக்கு இன்னும் கைக்கு வரவில்லை. தை, மாசியில் வரத்து அதிகம், அந்த நேரத்தில் எடையில் விளையாட முடியாது. அதனால் தராசுப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் மட்டும் 64 பிட் ஆபீஸை எடுத்துவிட்டு 32 பிட் ஆபீஸ் போட்டேன், விண்டோஸ் 11-ல் அது தாராளமாக ஓடும், ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு ஒரு ஏசிசிடிஇ, மற்ற நாலுக்கு ஒரு ஏசிசிடிஇ என்று இரண்டாக எடுத்துத் தருகிறேன். "ஏனுங் தம்பி, இந்த ஒண்ணு மட்டும் வேற மாதிரியா?" என்று கேட்டார் மண்டிக்காரர். ஆமாங்க, சித்திரைக்கு அப்புறம் மாத்திக்கலாமுங்க என்றேன்.